மிலான் பலகை

டோர்ட்மண்டில ஒரு கஃபேக்குப் போனா, சுவரில பழைய றெயில் பலகை ஒண்டு தொங்குது. மிலான் எக்ஸ்பிரஸ் பெட்டியில போற ஊரெழுதிக் கொழுவுற தகரப் பலகை. தொட்டுப் பாத்தன், அதே குளிர். மச்சான், இதெல்லாம் எங்கட அப்பா கொழுவின சாமான்.

எனக்கு அப்ப ஆறு வயசு. அம்மாக்கு வேலை எண்டா அப்பா என்னையும் டோர்ட்மண்ட் ஸ்டேசன் பிளாட்போமுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பிரேக் கருகின மணம், பலகை கொக்கியில விழேக்க 'டக்' எண்டு ஒரு சத்தம். பலகையில ஒரு பக்கம் போற வழி, மற்றப் பக்கம் திரும்பி வாற வழி எழுதியிருக்கும். அந்த றெயில் சுவிஸ் எல்லையில பாசல் எண்ட ஊரில ரெண்டாப் பிரியும், பாதி மிலானுக்கு, பாதி சூரிச்சுக்கு. பலகை பிழைச்சா சனம் வேற நாட்டில போய் இறங்கும். அப்பாக்கோ அப்ப இருந்த விசாவோட பக்கத்து ஹொலண்டுக்கே போக ஏலாது.

அப்பா பலகை கொழுவுற வேலைக்குச் சேந்து மூண்டே கிழமை. ஒருநாள் செஃப், அதான் அவற்ர மேலதிகாரி, அப்பாக்கு ஒரு பெட்டியைக் காட்டி, "மிலான் கொழுவு" எண்டார்.

"செஃப், இது நிக்ஸ் மிலான், மிலான் இல்லை. சூரிச் போற பாதியோடயெல்லோ பூட்டிக் கிடக்கு" எண்டார் அப்பா.

"சொன்னதைச் செய். நாளைக்கும் வேலைக்கு வர வேணுமெல்லோ?"

"வேணும். ஆனா இதைக் கொழுவ மாட்டன்."

செஃப் புறுபுறுத்துக்கொண்டு நடந்துபோய்ப் பாத்தார். அப்பா சொன்னதுதான் சரி. திரும்பி வந்து தன்ர பெட்டி லிஸ்டை அப்பான்ர கையில குடுத்து, "இனி நீயே பாத்துக் கொழுவு" எண்டார். எனக்கு விளங்கினது ஒண்டுதான்: எங்கட அப்பா சொன்னாத்தான் றெயில் மிலானுக்குப் போகும்.

கஃபேல படம் எடுத்து அப்பாக்கு அனுப்பினன். அழுவார் எண்டு பாத்தா, உடன வொய்ஸ் வருது: "தம்பி, டோர்ட்மண்டில வச்சுக்கொண்டு திரும்பி வாற பக்கத்தைக் காட்டுறாங்கள். போற பக்கம் பின்னால கிடக்கு. திருப்பிக் கொழுவச் சொல்லு."

ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. கதிரையில ஏறி நானே திருப்பிக் கொழுவினன்.