ரெண்டுன்னு போடு

திருத்தங்கலில் ஹெப்சிபாவை யாருக்கும் பிடிக்காது. தெருவில் அவள் பெயர் ஆட்டம்பாம் கம்பெனிக்காரி. கடலோரத்து அணுமின் நிலையத்தில் வேலை என்று பத்து வருஷமாகச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆட்டம்பாம் என்றால் சணல் சுற்றிய வெடி என்று பழகிய பட்டாசு ஊர். அங்கே இவள் இன்னும் பெரிய உருண்டையைச் சுற்றுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டது.

அவள் ஒன்றையும் சுற்றவில்லை. உலையை அணைக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகளைச் சோதிப்பது அவள் வேலை. மின்சாரத்தை வெட்டினால் கம்பி தன் பாரத்தில் தானாக உலைக்குள் விழ வேண்டும். உலையை நிறுத்திவைத்திருக்கும் நாட்களில் ஒவ்வொரு கம்பியாகத் தூக்கி, விட்டு, விழ எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து எழுதுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது.

"ஒண்ணும் வெடிக்கலைன்னா நமுத்துப்போச்சுன்னுதானக்கா அர்த்தம்?" என்று தங்கை ஸ்வீட்டி சிரிப்பாள். ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்வீட்டிக்கு அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை, ஏழாம் நம்பர் அறையில். வாங்கிக் கொடுத்தவன் அங்கே ஃபோர்மேனாக இருந்த ஹெப்சிபாவின் புருஷன் ஜோபின். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இறங்காமல் விரல் நுனியில் ஒரு பொறி தெறித்தால் மருந்து வெடித்துவிடும். தகடு ஒழுங்காக மண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதிவைப்பது ஜோபினின் பொறுப்பு.

தீபாவளி சீசனில் ஒரு சனிக்கிழமை லீவில் வந்த ஹெப்சிபா பையைக்கூட இறக்கவில்லை. ஜோபின் ஒரு தாளை நீட்டினான்.

"ஆபீசர்க கேக்காக. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பன்னெண்டு ரூமுக்கும் ரெண்டு ரெண்டுன்னு போடு."

"அளந்தீகளா?"

"போன வருசமும் ரெண்டுதான். செம்பு என்ன கெட்டா போவும்?"

அவள் இத்தனை வருஷத்தில் அளந்த கம்பிகள் எல்லாம் அச்சுப்போல ஒரே நேரத்துக்கு விழுந்ததே கிடையாது. ஒன்று இம்மி முந்தும், ஒன்று பிந்தும். பன்னிரண்டும் ஒரே எண் என்றால் யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"ஏழாம் ரூமுல என் தங்கச்சி இருக்கா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஆளு இருக்காது. மீட்டரை எடுங்க, நானே வாரேன்."

"நீ வந்து அளந்தா நான் எதுக்கு அங்கன ஃபோர்மேன்? சீசன் நேரத்துல ஏழரையைக் கூட்டாத."

தாளைப் பிடுங்கி, கோழி கிண்டிய எழுத்தில் பன்னிரண்டு ரெண்டுகளை அவனே எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

மறுநாள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஸ்வீட்டியை வாசலிலேயே பிடித்தாள். "நாளைக்கு வேலைக்குப் போகாத."

"தகட்டைத் தொட்டுட்டுத்தானக்கா போறோம். எங்க ரூமு பேச்சியம்மாக்கா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடும். நான் இயேசப்பான்னு தொடுவேன்."

"ஏட்டி கிறுக்கி, தகட்டுல இருந்து கம்பி மண்ணுக்குள்ள போகணும். போகலைன்னா அதுக்கு வீட்டு அண்டாவைத் தொட்டுட்டுப் போ!"

ஸ்வீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை விடிந்ததும் வேலைக்கும் போனாள். ஹெப்சிபா தன் வேலைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பட்டாசு ஆலை ஆய்வு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். யார் என்று கேட்டார்கள். தன் பெயரையும் புருஷன் பெயரையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானமே ஜீப் வந்தது. ஏழாம் அறைத் தகட்டின் அடியில் தோண்டினார்கள். மண்ணுக்குள் போகும் இரும்புப் பட்டை துருவேறி, அற்றுக் கிடந்தது. ஆலைக்குச் சீல் வைத்தார்கள். ஜோபினை முதலாளி அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் அவள் ஊருக்கு வந்தபோது ஜோபின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வந்தது தெரிந்து ஸ்வீட்டி வாசலுக்கு வந்தாள். தெருவே கூடி நின்றது.

"அம்புட்டுப் பேரு பொழப்பையும் கெடுத்துட்டியேக்கா! அஞ்சு வருசமா அதைத் தொட்டுட்டுத்தான போனேன்? என்ன ஆச்சு சொல்லு! ஒண்ணும் ஆகலையே!"

"ஆமா. ஒண்ணும் ஆகலை," என்றாள் ஹெப்சிபா.

ஸ்வீட்டி குனிந்தாள். தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரி, "நீ நல்லாவே இருக்க மாட்ட" என்று அக்காள் முகத்தில் தூற்றினாள்.

மண் விழுந்த கண்ணைத் துடைக்காமல் ஹெப்சிபா அந்தக் கைகளையே பார்த்தாள். பத்து விரலும் இருந்தன.