கோட்டைப் பார்த்து ஓடிய பிள்ளைகள்

உங்கள் பனியன் கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்தார்கள், முதலாளி. இல்லை என்று போன வருட விழா மேடையில் நீங்கள் சொன்னது பொய். நான் உங்கள் பவர் டேபிள் மெஷினில் தைத்தவன். என் எதிரே உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுத்தது பன்னிரண்டு வயதுகூட ஆகாத ஒரு பெண். அந்த வேலைக்குக் கைமடி என்று பெயர். உங்களுக்குத் தெரியாததா?

அவள் குடும்பமும் என் குடும்பமும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவை. அருள்புரத்தில் ஒரே லைன் வீடு. அவளை ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லி அவள் அம்மாவிடம் மாதக்கணக்கில் எடுத்துச் சொன்னேன். எடுத்துச் சொன்னேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன். எனக்கு வேறு விதமாகப் பேச வராது.

அந்தத் தொண்டையை நம்பித்தான் எங்கள் சர்ச் குழந்தைகள் தின நாடகத்துக்கு என்னைக் கதாநாயகன் ஆக்கினார்கள். விக்டோரியா ராணி காலத்தில், கொடுமைப்படும் குழந்தைகளுக்காகச் சட்டம் வரும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசிய லண்டன் பாதிரியார் வேடம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் போதகர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம். அதைப் படித்த நாளிலிருந்து டீக்கடைக்குக்கூட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். அவர் அப்படி நடந்தாரா என்று யாருக்குத் தெரியும்?

ஒத்திகையெல்லாம் கைலியில்தான். நான் நாடகத்து ஆலைக்குள் நுழைவேன், தொழிலாளிக் குழந்தைகளாக நடித்த அந்தப் பெண்ணும் மற்ற கம்பெனிப் பிள்ளைகளும் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள். நன்றாகத்தான் வந்தது. விழா அன்று மட்டும், கல்யாண மாப்பிள்ளைகளுக்காகப் போட்டோ ஸ்டுடியோவில் வைத்திருக்கும் கோட்டையும் டையையும் வாங்கி மாட்டினேன். முகத்தில் அரை டப்பா பவுடர். பஞ்சுத் தாடி வேறு.

சிறப்பு விருந்தினர் நீங்கள். நாடகத்துக்கு முன்னால் பேசினீர்கள்.

“நம்ம கம்பெனியில பொடுசுக ஒண்ணுகூட இல்லீங்க. எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாமுங்க.”

திரை விலகியது. கோட்டோடு உள்ளே நுழைந்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏலே, ஆபீசரு. ஓடுங்கலே.”

அவ்வளவுதான். பாதிப் பிள்ளைகள் மேசைக்கு அடியில், மீதி பின்வாசல் வழியாக வெளியே. கோட்டுப் போட்டவர் யாராவது சோதனைக்கு வந்தால் அப்படி மறைய வேண்டும் என்று கம்பெனியில் பழக்கியிருந்தார்கள். நாங்கள் கற்றுக்கொடுத்த நாடகத்தைவிட அது நன்றாகப் படிந்திருந்தது.

நான் இரண்டு கையையும் விரித்தபடி நின்றேன். வேறு வசனம் தெரியாததால், “வாருங்கள் குழந்தைகளே, இனி பயமில்லை” என்று காலி மேடையைப் பார்த்து முழங்கினேன்.

“ஏனுங்க தொரை, பாத்ரூமுக்குள்ள பாருங்க. அங்கதான் பூட்டி வெப்பாங்க” என்றார் பின்வரிசையில் ஒருவர். கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்தானே.

நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். “ஏட்டி, நாந்தாண்டி.”

“மாமாவா? கோட்டப் பாத்ததும் கால் தன்னால ஓடிட்டு.”

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. மேடையேறி, அவளை வெளியே வரச் சொல்லித் தலையில் கை வைத்தீர்கள். “இந்தக் கண்ண நானே படிக்க வெக்கறனுங்க. இத்தன பேருக்கு முன்னால சொல்றனுங்க.” எல்லோரும் கை தட்டினார்கள். என்னுடையதுதான் பெரிய கைதட்டல். அதில் பஞ்சுத் தாடி பிய்ந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவளையும் என்னையும் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார். வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் யாரும் வந்து பேசவில்லை என்றார்கள். உங்கள் ஆபீசுக்குப் போன போதெல்லாம் நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள்.

அவள் அம்மா சட்டி பானையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “நீங்க தொரை வேசம் கட்டுனது போதும்ண்ணே. இருந்த வேலையும் போச்சு.”

வெள்ளகோவில் பக்கம் ஒரு விசைத்தறிக்குப் போனார்கள். பெண்ணும் அங்கேதான் வேலை செய்கிறாள். லண்டன்காரர் சட்டம் கொண்டுவந்தார். நான் ஒரு பிள்ளையைப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து தூரத்துத் தறிக்கு மாற்றிவிட்டேன்.

இந்த வருட விழா நோட்டீசிலும் உங்கள் படம்தான். நீங்கள் பேச எழுந்ததும் நானும் எழுந்து கேட்பேன். தொண்டை அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள்? தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அத்தனை பேருக்கு முன்னால் சொல்லுங்கள்.