கடைசி முடிச்சு

சிராங்கூன் சாலையில் நோய்ப்பட்ட வண்டி மாடுகளுக்கென்று ஒரு கொட்டகை இருந்தது. கொக்கி ஊசியில் போர்வை பின்னி, ரிக்‌ஷாவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கிருந்த காவலர் குட்டையான ஆள், புருவமே கிடையாது. ஒவ்வொரு போர்வையிலும் கட்டைவிரலை நுழைத்துப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

புதிதாகக் கற்ற, துளை துளையான சிப்பிப் பின்னலில் ஒரு போர்வை கொண்டுபோன அன்று அவர் வாசலில் இல்லை. அங்கே படுத்திருந்த ஒரு கன்றுக்கு நானே போர்த்தினேன். பின்னலின் துளையில் கால் மாட்டிக்கொண்டு அது மிரண்டது. உதைக்க உதைக்க நூல் இறுகியது. நூலை வெட்டக் கத்தரிக்கோலுடன் குனிந்தேன்.

"கத்தரிய கீழ வைங்கம்மா, கால்ல குத்திரும்! கடைசி முடிச்சு எங்க?" என்று காவலர் ஓடிவந்தார்.

காட்டினேன். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, நூலை இழுத்தார். என் ஒரு மாத வேலை சரசரவென்று பிரிந்தது. கன்று எழுந்து நின்றது.

அங்கிருந்து இழுத்தால் மொத்தமும் பிரியும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

நூலை உருண்டையாகச் சுற்றி நீட்டினார். "நல்ல நூலும்மா. என் விரல் நுழையாம பின்னுங்க."