புகை விலகுகிற இடம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சேலத்தில் மகள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகளின் பெண்ணுக்கு ஆறு வயது. ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. கார்ட்டூன் தேடிக்கொண்டிருந்தவள் எதையோ அழுத்த, திரையில் பனி கொட்ட ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளைப் பனி.

"ஐயே, கலரே இல்ல அப்புச்சி" என்று மாற்றப் போனாள். நான் அவள் கையைக் கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. சமாதானம் செய்ய ஒரு சாக்லேட் ஆனது. அவள் என் மடியிலேயே தூங்கிப்போக, நான் அந்தப் படத்தை முப்பது வருடத்துக்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தேன்.

பனியைப் பார்த்ததும் எனக்குக் குளிரவில்லை. மூக்கில் சூடான கேசட் வாசனைதான் வந்தது. அந்த வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஓடி முடித்து டெக்கிலிருந்து வெளியே வந்த கேசட்டை முகத்தருகே கொண்டுபோனால் புதுச் செருப்பும் இஸ்திரி போட்ட துணியும் கலந்த மாதிரி ஒன்று வரும். நாமக்கல்லில் ஒரு வீடியோ கடையில் நான்கு வருடம் அந்த வாசனையிலேயே வேலை பார்த்தேன். படிப்பு ஏறவில்லை, வேறு வேலை கிடைக்கவில்லை, ஓசியில் படம் பார்க்கலாம். சேர்ந்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

எங்கள் முதலாளி நல்லவர்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூர்க்கர். கேசட்டை ரீவைண்ட் செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு ரத்தம் கொதித்துவிடும். கடை வாசலில் ஒரு பெரிய சிலேட்டை மாட்டி, 'ரீவைண்ட் செய்யாதவர்கள்' என்று தலைப்பு எழுதி, அதன் கீழே குற்றவாளிகளின் பெயரைச் சாக்பீஸால் எழுதிவைப்பார். ஒரு வாரம் அழிக்க மாட்டார். தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருவர் தன் பெயரைப் பார்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக எச்சில் தொட்டு அழித்துவிட்டுப் போனதாகப் பேச்சு உண்டு. அதையும் மீறி வருகிற கேசட்டுகளை ஓட்டுவதற்கென்றே ஒரு ரீவைண்டர் வைத்திருந்தோம். சிவப்புக் கார் மாதிரி இருக்கும். முன்பக்கத்தைத் திறந்து கேசட்டை வைத்து மூடினால் முகப்பு விளக்கு இரண்டும் எரிய, விர்ரென்று ஓடி முதலுக்கு வந்து நிற்கும். அதை இயக்குவது என் பொறுப்பு. ஏதோ ரயிலே ஓட்டுகிற நினைப்பு எனக்கு.

இந்தப் படம் எங்கள் கடைக்கு வந்ததே ஒரு கூத்து. முதலாளி சென்னைக்குப் போய் மொத்தமாக வாங்கிவந்த கேசட்டுகளில், சட்டையில்லாத ஒருத்தன் காலைத் தூக்கி நிற்கிற அட்டைக்குள் இது இருந்தது. கராத்தே என்று எடுத்துப்போனவர்கள் எல்லாம் திரும்பிவந்து திட்டினார்கள். கதை இதுதான். பனி விழுகிற ஒரு சின்ன ஊர். அங்கே தெருவிளக்கு ஏற்றுகிற ஒருவன். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற ஒரு பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவன் ஊரைவிட்டே போகிறான். அவள் பனியில் விழுந்து எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடிவருவதற்குள் ரயில் கிளம்பிவிடுகிறது. பிளாட்பாரம் முழுக்க இன்ஜின் புகை. அவள் அழுகிறாள். புகை மெல்ல விலகுகிறது. அங்கே அவன் பெட்டியோடு நிற்கிறான், போகாமல்.

அதில் வேறு ஏதாவது பதிவு செய்துவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்த நேரத்தில்தான் எஸ்தர் டீச்சர் எடுத்துப்போனார். பக்கத்து மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். மெலிந்த உருவம், எப்போதும் குடை. மறுநாள் கேசட்டை வைத்துவிட்டு, "இதை அழிச்சிராதீங்க தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்து எடுத்தது கதிர்வேலண்ணன். எருமப்பட்டியில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு கம்பெனியில் வேலை, எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே அறை. அட்டையை நம்பி எடுத்துப்போனவர் திட்டாமல் திரும்பிவந்தது எனக்கே ஆச்சரியம்.

"ஏனுங் தம்பி, அந்தப் புள்ள கடைசியில என்னமோ சொல்லுதே, அது என்னுங்?"

எனக்கு எங்கே தெரியும்? அந்த நேரம் பார்த்து டீச்சர் படியேறினார். நான்தான், "டீச்சரைக் கேளுங்கண்ணா" என்றேன். அதற்கு மேல் என் தலையீடு தேவைப்படவில்லை. டீச்சர் குடையை மடக்கிவைத்துவிட்டு வசனத்தை விளக்க, இவர் கைகட்டிக் கேட்க, ஒரு காட்சிக்கு அரைமணி நேரம் ஆனது. அப்புறம் ஒரு வருடம் அந்தக் கேசட்டை வேறு யாரும் எடுத்ததில்லை. டீச்சர் கொண்டுவந்து கொடுப்பார், அண்ணன் எடுத்துப்போவார். அண்ணன் கொடுப்பார், டீச்சர் எடுப்பார். "மனப்பாடம் ஆயிருக்குமேங்கண்ணா" என்று கேலி செய்வேன். "அடப் போங் தம்பி" என்று வெட்கப்படுவார். ஆறடி ஆள் வெட்கப்பட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நடுவில் எப்படியோ டீச்சர் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம், வீடு இரண்டும்தான் என்றாகிவிட்டது. எங்கே போனாலும் அவருடைய அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டு, நின்று, திரும்பக் கூட்டிப்போவார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம். டீச்சர் வந்தார். அப்பா வாசலில் வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கேசட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என்னையே பார்த்தார்.

"தம்பி, இது... அப்படியே கொண்டாந்துட்டேங்க."

கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் ஓடி நின்றிருந்தது. ஒருநாளும் ரீவைண்ட் செய்யாமல் கொடுத்தவர் இல்லை அவர். முதலாளி நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கையெட்டும் தூரத்தில் சாக்பீஸ். ஏற்கெனவே ஊர் வாயில் விழுந்திருக்கிற டீச்சரின் பெயர் அந்தச் சிலேட்டில் ஒரு வாரம் கிடந்தால் எப்படியிருக்கும்?

"நீங்க போங்க டீச்சர், நான் பாத்துக்கறேங்க" என்றேன் ரகசியமாக.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நான் எல்லாம் அறிந்தவன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வாசலில் ஹாரன் அடிக்க, ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் முதலாளி பார்க்காதபோது கேசட்டைச் சிவப்புக் காருக்குள் வைத்து மூடினேன். விளக்கு எரிந்தது. விர்ரென்று ஓடி முதலுக்கு வந்து நின்றது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு போண்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் கதிர்வேலண்ணன் வந்து கேசட்டை எடுத்துப்போனார். அரைமணி நேரத்தில் திரும்பிவந்துவிட்டார்.

"வடக்க போற ரிக்குல நானும் போறேங் தம்பி. வர ரெண்டு மூணு வருசம் ஆகும்."

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. முதலாளி கவனிக்கிறாரே என்று கடமையாக, "ரீவைண்ட் பண்ணிட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"அது முன்னாடியே பண்ணித்தான் இருந்துச்சுங்" என்றார்.

நான்தான் செய்தேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. முதலாளி எதிரே சொன்னால் டீச்சர் பெயர் சிலேட்டில் ஏறிவிடுமே. வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வாயை மட்டும் திறந்திருக்கலாம். வேண்டாத இடத்தில் எல்லாம் திறந்த வாய்தான் இது.

பொங்கலுக்கு முன்னால் டீச்சர் வந்தார். அந்தக் கேசட்டை யாராவது எடுத்தார்களா என்று கேட்டார். "கதிர்வேலண்ணன் எடுத்தாருங்க. அன்னைக்கே குடுத்துட்டு வடக்க போயிட்டாருங்க."

"போட்டுப் பாத்தாருங்களா?"

"பாத்தாருங்க டீச்சர்."

டீச்சர் குடையை மறந்து வைத்துவிட்டு வெயிலில் நடந்துபோனார். அந்த வருடமே சேலத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறிப்போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சிடி வந்து எங்கள் கடையைச் சாப்பிட்டது. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்கு வேலைக்கு வந்து, கல்யாணமாகி, தொந்தி போட்டு, இதையெல்லாம் மறந்தும் போனேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் எருமப்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனிதர். கதிர்வேலண்ணன். இப்போது சொந்தமாக மூன்று ரிக் ஓடுகிறதாம். பேரனைப் பற்றிச் சொன்னார், சர்க்கரையைப் பற்றிச் சொன்னார். பிறகு பழைய கடையைப் பற்றிப் பேச்சு வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அந்தப் படம் ஞாபகம் இருக்குதுங்ளா? ஊட்ட உட்டு வாரதுன்னா, அந்தப் புகை வெலகுற எடத்துல கேசட்ட நிறுத்திக் குடு, நான் ரிக்குல போகாம நின்னுக்கறேன்னு டீச்சருகிட்டச் சொல்லியிருந்தேனுங். முடியாதுன்னா எப்பவும் போல ரீவைண்ட் பண்ணிக் குடுத்துரு, நான் போயிக்கறேன்னு. போட்டுப் பாக்கறேன், மொதல்ல இருந்து ஓடுது. செரி, அவ்வளவுதான்னு கெளம்பிட்டனுங்."

பாயசம் விட வந்தவனிடம் வேண்டாம் என்று கையால் மறைத்தேன். எதிர்வரிசையில் அவருடைய மனைவி யாருக்கோ அப்பளம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறையாக வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் டீச்சரிடம் மூடிக்கொள்ள முடியவில்லை. விசாரித்துப் பார்த்தால், என் மண்டிக்கு நாலு சந்து தள்ளித்தான் இத்தனை காலமும் இருந்திருக்கிறார். தனியாக. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு டியூஷன். நான் போனது டிசம்பர் மாதம், வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. நின்றுகொண்டே சொல்லிமுடித்தேன். சிவப்புக் கார், சிலேட்டு, முதலாளி, எல்லாம்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கோபமாகக் கேட்டார்.

"ஏன் இதை வந்து சொன்னீங்க?"

நான் வாசலில் தொங்கிய நட்சத்திரத்தைப் பார்த்தேன்.

"என் பதிலைப் பாத்துட்டும் போயிட்டாருன்னு இத்தனை வருசமும் அந்த மனுசனைத் திட்டித் திட்டித்தான் நான் நாளை ஓட்டினேன். இனிமே யாரைத் திட்டறது? உங்களையா? எம்பேரு சிலேட்டுல வரக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க. உங்களைத் திட்ட வாய் வரமாட்டேங்குதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது ஆள் நின்றுகொண்டு அழுதேன். அவர் அழவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவில் அச்சு முறுக்கு போட்டுக்கொண்டுவந்து, "பிள்ளைகளுக்குக் குடுங்க" என்றார். படியிறங்கும்போது, "அவருகிட்டச் சொல்லிராதீங்க தம்பி. அந்தப் பொண்டாட்டி என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் டீச்சர் இறந்துபோனார். நான்கைந்து டியூஷன் பிள்ளைகளும் நானும்தான் அழுதோம். அந்த வீட்டை இடித்துவிட்டு ஜவுளி கோடவுன் கட்டியிருக்கிறார்கள். நாமக்கல்லில் எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். சிலேட்டு மாட்டிய ஆணி மட்டும் ரொம்ப நாள் இருந்தது, போன தடவை போனபோது அதுவும் இல்லை. கதிர்வேலண்ணன் இருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது.

அன்று மகள் வீட்டில் ஸ்டேஷன் காட்சி வரைக்கும் பார்த்தேன். புகை விலகி, அவன் பெட்டியோடு நிற்பது தெரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டிவியை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பேத்திதான் முதலில் டிவியைப் போட்டாள். அதே படம் திரையில் நின்றது. விட்ட இடத்திலிருந்து பார்க்கவா, முதலிலிருந்து பார்க்கவா என்று டிவியே கேட்டது. இப்போதெல்லாம் யாரும் எதையும் ரீவைண்ட் செய்ய வேண்டியதில்லையாம். நாம் எங்கே விட்டோம் என்பதை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

"அப்புச்சி, மொதல்ல இருந்து போடட்டுமா?" என்று ரிமோட்டைத் தூக்கினாள்.

"வேண்டாஞ் சாமி" என்றேன். "அது அங்கயே நிக்கட்டும்."