ஜாம் போத்தல்

பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில் என் மகள் போகும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். ஒல்லியான உடம்பு, நரை ஏறிய இறுக்கமான பின்னல். முடிந்துபோன ஜாம் போத்தலை எறியவே மாட்டார். கழுவித் துடைத்து யன்னலோரம் அடுக்குவார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“சண்டை ஓய்ஞ்ச நேரத்திலயும் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையை எடுக்கேல்லை அண்ணை. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாத்தான் கிடைக்கும். போத்தலுக்குள்ள பஞ்சு வச்சு, துளி எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தைச் சுத்தியிருந்துதான் நாலு பிள்ளையளும் படிச்சனாங்கள்.”

நான் அந்த நாட்களில் கொழும்பில், மின்விசிறிக்குக் கீழே இருந்து படித்தவன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“நானும் அப்ப அங்கதான். மெழுகுதிரியிலதான் படிச்சனான்.”

“மெழுகுதிரியோ?” என்று என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து போத்தலைத் துடைத்தார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் தடைக்குள் வளர்ந்தவள். “மெழுகுதிரியையும்தானே உள்ள விடேல்லை” என்றாள்.

மறுநாள் மாலை கார்டெரியில், மகளுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டபடி அவர் அவளிடம் சொன்னார்: “உங்கட அப்பாவும் எங்களை மாதிரி இருட்டில படிச்சவர், தெரியுமோ?”

மகள் என்னை வியந்து பார்த்தாள். நான் குனிந்து, அவர் கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.