பதினைந்தாம் தேதி, 1.50 மணி

புதுவாயலில் யார் வெளிநாடு கிளம்பினாலும் டிக்கெட்டை முதலில் தேசப்பனிடம்தான் காட்டுவார்கள். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. அதனால் அவர் கணக்கில் சந்தேகம் கலந்ததும் இல்லை. கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக இரவு ஷிப்டு. தலைக்கு மேலே போகும் விமானம் எந்த ஊருக்கு என்று இடைவேளைகளில் போனில் பார்த்துப் பார்த்தே உலகத்தின் தூரமெல்லாம் மனப்பாடம்.

மகள் ஷைனிக்கு ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகரத்தில், நர்ஸ் வேலை கிடைத்தது. பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. டிக்கெட்டில் பதினைந்தாம் தேதி, இரவு 1.50-க்குப் புறப்பாடு, காலை 8.20-க்கு இறக்கம்.

"ஆறரை மணி நேரம்தாம்ப்பா," என்றாள் ஷைனி.

"தப்பு. ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம் ஆவும். அங்க கடியாரம் நம்மளவிட மூணரை மணி நேரம் பின்னால கீது. எறங்கற டைம அந்த ஊரு கணக்குலதான் போடுவான்."

கணக்கில் அப்பழுக்கில்லை. அதே சூட்டில், பதினைந்தாம் தேதி சாயங்காலம் கார் எடுத்து வரும்படி டிரைவர் குணாவிடமும் சொல்லிவைத்தார்.

பதினான்காம் தேதி காலை, ஷிப்டு முடிந்து வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவரிடம் ஷைனி போனை நீட்டினாள். விமானம் புறப்பட இன்னும் பதினேழு மணி நேரம் என்று அதில் செய்தி.

"ப்பா, இன்னைக்கு ராத்திரியாம்ப்பா!"

"கம்ப்யூட்டர் தப்பா அனுப்பிகீதும்மா. பதினஞ்சு ராத்திரின்னா நாளைக்கு ராத்திரி."

இட்லி வைத்துக்கொண்டிருந்த மனைவி ரோசம்மாள் நிமிர்ந்தாள்.

"இந்தாய்யா, நேத்து பத்து மணிக்குப் போய் இன்னைக்கு ஆறு மணிக்கு வெளிய வந்தியே, கம்பெனி நோட்டுல அது எந்தத் தேதி?"

"பதிமூணு. உள்ள போன தேதிதான், விடியற வரைக்கும்."

"அது உன் கம்பெனிக்கு. ஊருக்கெல்லாம் பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடும். பிளேன் இன்னா உன் ஷிப்டுலயா வேலை செய்யுது?"

தேசப்பன் தண்ணீர் டம்ளரை எடுத்தார். எத்தனையோ ஆயிரம் நள்ளிரவுகளை விழித்திருந்தே கடந்தவர். ஒன்றில்கூடத் தேதி மாறியதை அவர் பார்த்ததில்லை.

ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனதும் தெம்பு திரும்பியது. "பதினேழு மணி நேரம் கீதே! மீனம்பாக்கம் ரெண்டரை மணி நேரம். இதுக்கு இன்னாத்துக்கும்மே பேஜாரு?" என்று, பதறாமல் நின்ற மனைவியை அதட்டிவிட்டுக் குணாவை அழைத்தார்.

"இன்னைக்கு சாயங்காலமே வண்டிய எடுத்தாந்துடு."

"நாளைக்குன்னியே நைனா?"

"டைம் மாறிட்ச்சுப்பா."

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி வாக்கில், பிராங்க்பர்ட்டில் இறங்கியதாக ஷைனி பேசினாள். தேசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பத்து மணி நேரம்னு சொன்னனா இல்லையா?"

"நீ சொன்னாப்பலதான்யா," என்றாள் ரோசம்மாள். "இனிமே யார் டிக்கெட்டு எடுத்தாந்தாலும் தூரத்த நீ பாரு, தேதிய நான் பாக்கறேன்."

தேசப்பன் தாராளமாகச் சம்மதித்தார். தூரம்தானே பெரிய கணக்கு.