தின்னருக்கு ஓதிய ஹாஜியார்

நேற்றுத் தில்லையடியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள், கலியாண வீட்டுக்குப் பூசிய நகப்பூச்சைப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்குக் கைகால் கழுவும் உளூ சேராது. அந்த அவசரம் அவளுக்கு.

“மாமா, இந்த மருந்து சரியான ஏமாத்து. பாதியும் தண்ணி. இப்ப தொழுகைக்கு வாங்கு சொல்லிருவாங்க, இது போகுதே இல்ல!”

போத்தலை வாங்கி மோந்தேன். அவ்வளவுதான். மூக்கு என்னைக் கேட்காமலே கனமூலைப் பக்கம், நான் முன்பு வேலை பார்த்த ஹாஜியாரின் தின்னர் பட்டறைக்குப் போய்விட்டது.

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை, தின்னர் நிரப்பி அடுக்கிய இரும்புப் பரல்கள், ஓர் ஏசி அறை. ஏசி மனிதருக்கு இல்லை, மெஷினுக்கு. கண்டக்குழியில் கட்டும் படகுகளுக்கு இரண்டு டின்னைக் கலந்து பூசும் பெயின்ட் ஒன்று உண்டு. அதில் சேர்க்கும் தின்னரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் படகின் முகமெல்லாம் பரு போட்டுவிடும். நம் பக்கத்துக் காற்றோ உங்களுக்குத் தெரியும், உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் மாலையில் கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். அதனால்தான் ஹாஜியார் ஈரம் அளக்கும் மெஷினைப் பழசாக வாங்கிப்போட்டார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கும் எனக்கும் சலாம்கூட இருக்கவில்லை. இருந்தும் மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தோடு ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டி, அதற்கு நானே பொறுப்பாளனாகிவிட்டேன்.

அது வேலை செய்யும் விதம் கந்தூரிப் பந்தி மாதிரி. கரண்ட் விட்டால் கண்ணாடிக் குடுவைக்குள் அயடின் பிறக்கும். பிறந்த அயடின் தின்னரில் உள்ள தண்ணீரோடு சேர்ந்து தீரும். ஆட்கள் வர வரச் சோற்றுச் சஹன் தட்டை வைப்பதுபோல, தண்ணீர் இருக்கும்வரை அயடின் வந்துகொண்டே இருக்கும். சாப்பிட ஆளில்லாமல் ஒரு சஹன் மிஞ்சியதும் சமைக்கும் பண்டாரி கையைக் காட்டி நிறுத்துவார் அல்லவா? அந்தப் பண்டாரி வேலைக்கு உள்ளே இரண்டு பிளாட்டினக் கம்பிகள். போன கரண்டைக் கணக்குப் பார்த்து, இருந்த தண்ணீரை மெஷின் சொல்லிவிடும்.

சொன்னதுதான் வினையானது. பரலுக்குப் பரல் ஈரம் அதிகம் என்றது மெஷின். ஹாஜியார் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து எழும்பிய மனிதர், நேர்மையில் பிடிவாதக்காரர்.

“ஈரச் சாமான நான் குடுக்கமாட்டேன் மகன். மறுமையில படகுக்காரனுக்கு ஆரு பதில் சொல்ற?”

பரல்கள் கொட்டகையை அடைத்தன. படகு கட்டும் முதலாளி, வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் கொழும்பில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் பட்டறைக்குப் பூட்டு. எனக்கும் பரல் உருட்டும் ரிஸ்வானுக்கும் வேலை போய் வீட்டில் இருப்புத்தான்.

அந்த வாரம் ஹாஜியார் ஒரு ஜனாஸா அடக்கத்துக்காகக் கற்பிட்டிக்குப் போனார். அன்று சோதனைக்கு ஒரு போத்தலில் எடுத்து நான் அளந்த தின்னர், பொரித்த அப்பளம்போல உலர்ந்திருந்தது! மறுநாள் ஹாஜியார் முன்னால் அதே போத்தலை அளந்தேன். ஈரம்.

“எங்க முதலாளி கால் வச்சா தின்னருக்கே வேர்க்குதுடா,” என்றான் ரிஸ்வான், அவர் வெளியே போனதும்.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. ஒவ்வொரு முறையும் ஹாஜியார் சோதனைப் போத்தலின் மூடியைத் திறந்து, நோயாளிக்குத் தண்ணீர் ஓதுவதுபோல ஓதி, உள்ளே மூன்று தரம் ஊதித்தான் என் கையில் தருவார். ஈரம் கூடக் கூட அவருக்குக் கவலை கூடும். கவலை கூடக் கூட ஓதல் நீளும், ஊதலும் பலக்கும். மனிதர் மூச்சில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று புத்தகத்திலேயே எச்சரித்திருந்தார்கள். ஓதி ஊதுவார்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இதை எப்படிச் சொல்வது? நீங்கள் ஓதி ஊதும் துஆதான் தண்ணீர் என்றா?

“நீ சொல்லு,” என்றேன் ரிஸ்வானிடம்.

“எனக்குப் புள்ளகுட்டி இரிக்கி. நீதானே பொறுப்பாளன்.”

வெள்ளிக்கிழமை காலை ஹாஜியார் வழமைபோல மூடியில் கை வைத்தார். என் வாய் தானாகத் திறந்தது.

“ஹாஜியார், தின்னர்ல பிழை இல்ல. ஊசி புடிக்கிற என்ட கைதான் நடுங்குது. எனக்கு ஓதுங்களேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “இத முதல்லயே சொல்லத் தெரியாதா வாப்பா?”

குனிந்தேன். ஓதி, உச்சந்தலையில் ஊதினார். முடி பறந்தது. பின்னால் ரிஸ்வான் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒன்றை அடக்கிக்கொண்டிருந்தான். மூடிய போத்தலிலிருந்து ஊசியில் எடுத்துக் குடுவைக்குள் விட்டேன். எண் கொஞ்சம் ஏறி, நின்றது. உலர்ந்த தின்னர். ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே முதல் லொறி போய்விட்டது.

“பாத்தியா? பிழை உன்னிலதான்,” என்றார் ஹாஜியார்.

“ஓம் ஹாஜியார்.”

அதன்பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அவர் ஓதி ஊதியது என் தலையில்தான். கடைசிக் காலத்தில் அவருக்கு இளைப்பு வந்து மூச்சு எட்டாமல் போனது. நான் இன்னும் கொஞ்சம் குனிவேன். அவர் கண்ணை மூடி வஃபாத்தானதும் பிள்ளைகள் மெஷினைக் கழற்றி விற்றார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள்.

நான் புத்தளத்தில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். தின்னர் கொழும்பிலிருந்து முத்திரை வைத்த டின்னில் வருகிறது, ஈரமில்லை என்று அச்சடித்து. இருக்காது, நம்புகிறேன். ஆனால் டின்னைத் திறக்கும்போது தலை தன்பாட்டில் குனிந்துவிடுகிறது.

“என்ன, கழுத்துப் புடிப்பா?” என்பார்கள் வாங்க வந்தவர்கள்.

ஓம் என்று சொல்லிவிடுகிறேன்.